உனக்கு எங்கே குளிர்ந்தது?

டாஃபின், மானிடோபா
9 நவம்பர் 1993

ரொட்டிக் கடைக்காரர் ஒரெஸ்ட்டுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் யாராவது ஒருவர் ரிசீவரை அறைகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். நீ தி பா ஊருக்கு, உன் தம்பி வாசில் வீட்டுக்குப் போய் இன்றோடு மூன்று வாரம். சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். சௌக்கியமாகத்தான் இருப்பாய்.

ஏழு வருஷம் கராஜில் என் கையால் கட்டிய விமானம். முதல் தடவையாக உன்னை ஏற்றிக்கொண்டு போனேன். குளிர்தான், ஒத்துக்கொள்கிறேன். இறங்கியதும் உன் காலைப் பிடித்து அரை மணி நேரம் தேய்த்துவிட்டேனே, அது மறந்துவிட்டதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானக் கிளப்பில் நாற்பது பேர் பான்கேக் தின்றுகொண்டிருக்கும்போது எழுந்து நிற்கிறாய். "என் பொண்டாட்டி ஏழு வருஷமா கட்டினது ஏரோப்ளேன் இல்லப்பா, றெக்கை வச்ச ஐஸ்பெட்டி!" என்கிறாய். எர்ல் சிரித்த சிரிப்பில் அவன் குடித்த காபி மூக்கு வழியாக வந்தது. எனக்கு அங்கேயே பூமி பிளக்காதா என்று இருந்தது. "அப்படின்னா உன் தம்பி வீட்டுக்குப் போ, அங்க ரொட்டி அடுப்பு இருக்கு" என்று நான் சொன்னது தப்புதான். ஆனால் நீ மறுநாளே பஸ் ஏறிவிடுவாய் என்று யார் கண்டது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹீட்டர் பொருத்தப் போகிறேன். எஞ்சினின் சைலன்சர் குழாய் எப்படியும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சுற்றித் தகட்டில் ஒரு உறை போட்டால், வெளிக்காற்று அதற்குள் புகுந்து, குழாயை உரசிச் சூடாகி, ஹோஸ் வழியாக நம் காலடிக்கு வரும். ஜனவரி ஆறாம் தேதி, பழைய காலண்டர்படி வருகிற நம் கிறிஸ்துமஸ் விருந்துக்கு, உன்னை அதே விமானத்தில் வெறும் சட்டையோடு கூட்டிவருவேன். கிளப் முழுக்க வந்து நின்று பார்க்கட்டும்.

உன் மனைவி (இன்னும்),
ஸ்டெஃபா


தி பா
17 நவம்பர் 1993

மெக்கானிக் மகாராணிக்கு,

சௌக்கியம்தான். வாசிலின் கடையில் தினம் இருநூறு ரொட்டி போடுகிறேன். மாவு என்னைத் திட்டுவதில்லை.

ஏழு வருஷம் கட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். நீ ரிவெட் ஆணி அடிக்க அடிக்க, தகட்டுக்கு அந்தப் பக்கம் இரும்புக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? என் இடது காது அதில்தான் போனது. "பிடி", "விடு", "ஆடாத". இந்த மூன்றைத் தவிர கராஜில் நீ என்னிடம் பேசிய நாலாவது வார்த்தை ஏதாவது இருந்தால் சொல். எனக்கு ஞாபகம் இல்லை.

ஹீட்டர் சமாசாரம் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் குழாயில் மயிரிழை விரிசல் விட்டாலும் விஷப்புகை நேராக நம் மூக்குக்குத்தான் வரும். அதற்கு வாசனையும் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நீ தனியாகப் பரிசோதிக்கப் போவாய் என்று எனக்குத் தெரியும். போகாதே என்றால் கேட்கிற ஆளா நீ?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாசில் கடையில் பாதியை எனக்குத் தருகிறேன் என்கிறான். "புத்தாண்டுக்குள்ள ஒரு முடிவு சொல்லுண்ணா" என்று தினமும் நச்சரிக்கிறான். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஸ்டெஃபா, அறுபத்திரண்டு வயதில் உன் விமானத்துக்கு அப்புறம் இரண்டாம் தாரம் மாதிரி வாழ எனக்குத் தெம்பில்லை. கோபத்தில் எழுதவில்லை. நிஜமாகவே இங்கேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஒரெஸ்ட்


டாஃபின்
1 டிசம்பர் 1993

அன்புள்ள ஒரெஸ்ட்,

பார், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தப் பாதிக் கடை சமாசாரத்தை நான்கு தடவை. அப்புறம் நேரே கராஜுக்குப் போய்விட்டேன். வேறு எங்கே போவேன்?

முதலில் உன் பயத்துக்குப் பதில். வீட்டுத் தூசி உறிஞ்சும் மெஷினைத் திருப்பி வைத்து, சைலன்சருக்குள் காற்றை ஊதி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. விஷப்புகை வந்தால் கறுத்துப்போகிற அட்டை ஒன்றும் கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கிறேன். அது வெள்ளையாகவே இருக்கிறது.

ஹீட்டர் மட்டும் தோற்றுவிட்டது.

முதல் உறை போட்டுப் பறந்தேன், உள்ளே மைனஸ் ஒன்பது. உறையைப் பெரிதாக்கினேன், மைனஸ் எட்டு. பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை உறைக்குள் திணித்தால் காற்று இன்னும் சூடாகும் என்று கிளப்பில் சொன்னார்கள். கடையில் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து திணித்தேன். இப்போது காலடியில் வருகிற காற்றில் முட்டையை அவிக்கலாம். பூட்ஸின் ரப்பர் நாறுகிறது. ஆனாலும் உள்ளே மைனஸ் ஆறு! இந்தச் சூடு எல்லாம் எங்கேதான் போய்த் தொலைகிறது? எர்ல் வேறு பெட்ரோல் போடும் இடத்தில் எல்லார் முன்னாலும், "என்ன ஸ்டெஃபா, ஐஸ்பெட்டிக்கு டீஃப்ராஸ்ட் பட்டன் வச்சாச்சா?" என்று கேட்டான். பெட்ரோல் காசை எண்ணி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று தரையில் நிற்கிற விமானத்துக்குள் உட்கார்ந்து அழுதேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நான் அழுது நீ எத்தனை தடவை பார்த்திருப்பாய்? அப்போது ஒன்று தோன்றியது. முதல் தடவை பறந்த அன்று பக்கத்து சீட்டில் இருந்தவன் நீ. இறங்கியதும் நானாகவே உன் காலைப் பிடித்துத் தேய்த்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், வெட்கத்தை விட்டு.

அன்று உனக்கு எங்கே குளிர்ந்தது?

ஸ்டெஃபா


தி பா
8 டிசம்பர் 1993

அன்புள்ள ஸ்டெஃபா,

கழுத்து. பின்கழுத்து.

காலில் ஒன்றுமே இல்லை. யாரோ பின்னால் உட்கார்ந்து பனிக்கட்டியை ஊதுகிற மாதிரி சில்லென்று பிடரியில் அடித்துக்கொண்டே இருந்தது. கால் சும்மா கதகதவென்றுதான் இருந்தது. நீ பூட்ஸைக் கழற்றித் தேய்க்க ஆரம்பித்துவிட்டாய். "கழுத்துதான் குளிருது" என்று சொன்னேன், உன் காதில் விழவில்லை. சரி, இவ்வளவு அன்பாகக் காலைப் பிடிக்கிறாளே, கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இங்கே வந்த புதிதில், மாவு பொங்க வைக்கும் அறையில் கடைசி வரிசை மட்டும் எழும்பவே எழும்பாது. வாசில் முன்கதவைத் திட்டித் திட்டி, அதற்கு இரண்டு அடுக்குத் திரை போட்டிருந்தான். அடுப்பையும் கூட்டினான். பார்த்தால், பின்னால் மாவு மூட்டை அடுக்கும் கொட்டகைக் கதவில் ஒரு விரல் நுழையும் சந்து. அதை அடைத்த மறுநாள் கடைசி வரிசையும் பொங்கியது. உன் விமானத்துக்குப் பின்வாசல் எங்கே இருக்கிறது என்று பாரேன்.

வாசிலிடம் இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. நீ என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாய்.

ஒரெஸ்ட்


டாஃபின்
20 டிசம்பர் 1993

என் ராசாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! ஒரெஸ்ட், ஜெயித்துவிட்டோம்!

உன் கடிதம் வந்த அன்றே சிவப்புக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே எல்லா இடத்திலும் டேப்பால் ஒட்டினேன். சீட், கூரை, சாமான் வைக்கும் இடம், ஒன்று விடவில்லை. மேலே ஏறித் திரும்பிப் பார்க்கிறேன், அத்தனை நூலும் விமானத்தின் மூக்குப் பக்கம் நீட்டிக்கொண்டு ஆடுகிறது. விமானம் முன்னால் போகிறது, உள்ளே காற்றும் பின்னாலிருந்து முன்னால் வருகிறது! வாலில் சுக்கானைத் திருப்பும் கம்பி போகிற ஓட்டைகள் வழியாக வெளிக்காற்று புகுந்து, விமானத்தின் உடம்பு நீளத்துக்கு ஓடிவந்து நம் பிடரியில் அடித்திருக்கிறது. நான் பைத்தியக்காரி மாதிரி முன்னால் சூட்டைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பழைய கூடாரத் துணியை வெட்டி, சீட்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டி, ஓரமெல்லாம் அடைத்தேன். உள்ளே வருகிற காற்று வெளியே போக விமானத்தின் அடிவயிற்றில் ஒரு சின்ன வழியும் விட்டேன். இன்று காலை பறந்தேன். வெளியே மைனஸ் இருபத்து நான்கு. பத்தாவது நிமிஷம் கையுறையைக் கழற்றினேன். அப்புறம் தொப்பி, அப்புறம் கோட்டு. நம் ஊர் ஏரிக்கு மேலே பறக்கும்போது உள்ளே இருபத்திரண்டு டிகிரி! தொண்டை கிழியப் பாடினேன். நல்ல வேளை, யாரும் கூட இல்லை.

இறங்கியதும் எர்லைக் கையோடு பிடித்து ஏற்றினேன். கால் மணி நேரத்தில் அவன் முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "அம்மா தாயே, அந்தக் குமிழைத் திருகும்மா, வெந்துடுவேன்!" என்றான். இறங்கிக் கிளப்பில் எல்லாரிடமும் அவனே சொன்னான். "இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, ஒரெஸ்ட்" என்று நான் சொன்னேன். நாற்பது பேர் முன்னால் சொன்னேன். அட்டை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

எஞ்சின் லேசாகத் தும்மினாலும் என்ன, ஏது என்று கேட்பேன். உன்னிடம் கேட்காமல் இருந்துவிட்டேன். மன்னித்துவிடு. கராஜில் மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும்.

ஆறாம் தேதி காலை பதினொரு மணிக்கு, தி பா பக்கத்தில் உறைந்து கிடக்கும் கிளியர்வாட்டர் ஏரிப் பனிமேல் இறங்குவேன். வா என்று சொல்ல மாட்டேன். வருகிறாயா?

உன் ஸ்டெஃபா


தி பா
28 டிசம்பர் 1993

என் ஸ்டெஃபாவுக்கு,

கிளப்பில் அப்படிப் பேசியது நான் செய்த பெரிய தப்பு. உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டியதை நாற்பது பேரிடம் சொன்னேன். எப்படியும் உன் காதில் விழாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நீயும் என்னை மன்னித்துவிடு.

பாதிக் கடை வேண்டாம் என்று வாசிலிடம் சொல்லிவிட்டேன். "அண்ணி மறுபடி திட்டினா இங்க வந்து நிக்காத" என்றான். "திட்டட்டும்டா, இப்ப கேள்வியும் கேக்குறா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. விருந்து மேஜை நடுவில் அடுக்குகிற மூன்று கொலாச் பின்னல் ரொட்டியையும் இங்கேயே சுட்டு எடுத்து வருகிறேன். நீ இனிப்புக் கஞ்சிக்குக் கோதுமையை மட்டும் ஊற வை.

எர்ல் வியர்த்தான் என்று எழுதியிருக்கிறாய். அவன் சாட்சி எனக்கு எதற்கு? நீ சொன்னால் போதாதா?

அன்றைக்கு ஏரியில் மைனஸ் முப்பது இருக்கும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். என் கம்பளிக் கோட்டை நேற்றே வாசிலுக்குக் கொடுத்துவிட்டேன். கோட்டின் கை அவனுக்குக் கொஞ்சம் நீளம், மடித்துப் போட்டுக்கொள்கிறான். எனக்கு வேறு கோட்டு கிடையாது.

பதினொரு மணிக்குப் பனியில் வெறும் சட்டையோடு நிற்பேன். தாமதம் பண்ணாதே.

ஒரெஸ்ட்