உன் அப்பாவுக்குத் தெரியாமல் குடித்த காபி

கரையான்சாவடி,
5-2-1991

அன்புள்ள உத்தமனுக்கும் மருமகள் பத்மாவுக்கும் அம்மா எழுதுவது. மலைக்குளிரில் இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், உன் அப்பா ரொம்ப ரொம்ப நலம், அதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

பாடி தொழிற்சாலையில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டில் ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம் என்று நீ கிளம்பினபோது, உன் காபியை ஒரு வாய்கூடக் குடிக்கமாட்டேன் என்று அவர் சொன்னாரே, அது உன் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டிருக்கும், எனக்குத் தெரியாதா. மார்கழியில் நீ அனுப்பிய கொட்டையை அவர் கண்ணில் காட்டவில்லை. அவர் ஒர்க்‌ஷாப் டியூட்டிக்குப் போனதும் வறுத்து, வாசனை தெரியாமலிருக்க ஊதுவத்தி ஏற்றி, பக்கத்து வீட்டு நாகம்மாவின் கைமெஷினில் அரைத்து, தஸ்தகீர் பாய் கடைப் பொடி போடுகிற டப்பாவிலேயே போட்டுவிட்டேன். மனுஷன் தினமும் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார், நான் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் அவராகவே பாய் கடைக்குப் போய், இந்த மாசப் பொடி பிரமாதம், அதிலேயே அரைக் கிலோ கொடு என்று கேட்டிருக்கிறார். பாய் பாவம், ஒரு மாசமாக உங்கள் வீட்டில் யாரும் வாங்கவே இல்லையே என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து டப்பாவை முகர்ந்து பார்த்தார். இனி மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ காபித் தோலை மக்கவைத்து மிளகுக் கொடிக்குப் போடுவதையும், ஓடையில் தண்ணீர் குறைந்ததால் கொட்டை கழுவின தண்ணீரிலேயே மறுபடி கழுவுவதையும் சேர்த்துச் சொன்னேன். (நான் அரிசி களைந்த தண்ணீரைக் கருவேப்பிலைக்கு ஊற்றினால் கேலி செய்வாயே, இப்போது நீ செய்வது என்னவாம்?) டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரே தண்ணிய ரெண்டு தபாதான் ஓட்றானா? கசடு புடிக்க நல்ல சல்லடை இருந்தா மூணாவது தபாவும் ஓட்டலாமே." அவ்வளவுதான் கண்ணு, கோபம் போயிற்று. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாளே தகடு வாங்கி, துளை போட்டு, வெல்டிங் வைத்து இரண்டு சல்லடை செய்துவிட்டார். கடைசிப் பறிப்புக்குள் மாட்டிவிட வேண்டுமாம், அடுத்த ஞாயிறு இருவரும் வருகிறோம். கேட்டால் குளுகுளு காற்றுக்காக என்பார், நீ சிரித்துவைக்காதே. பத்மாவிடம் சொல், அவருக்குச் சர்க்கரை அரை ஸ்பூன் போதும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், தோட்டம் பூத்துக் காய்த்து, நிறைவாக இருக்க வேண்டும். முக்கியமாக ஒன்று, கொட்டை கொஞ்சம் எடுத்து வை. எம்புள்ள தோட்டத்துது என்று உன் அப்பா பாய் முதற்கொண்டு தெரு முழுக்கப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார், டப்பா காலி. இப்போது நான்தான் பாய் கடைப் பொடியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
ஜெகதாம்பாள்