சர்வீஸ் கையில் இருக்கும்போதே

மர்பி டவுன், பெங்களூரு,
பிப்ரவரி 11.

அன்பு மகள் ஸ்னேஹாவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், என் தொண்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்டாப் பேர் சொல்லக்கூட வராமல் விசிலை ஊதியே டியூட்டியை ஓட்டுகிறேன். அந்தக் கிளாஸ்கோ குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். மூன்று வாரமாக உன் போனை நான் எடுக்கவில்லை, ஆனால் நீ அப்பாவிடம் பேசும்போதெல்லாம் பக்கத்தில் வெங்காயம் உரிக்கிற சாக்கில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன், அது உனக்கும் தெரியும். வாயைத் திறந்தால் ஒன்று திட்டுவேன் இல்லை அழுவேன், இரண்டும் வேண்டாம் என்றுதான் கடிதம். ரமா அக்கா மகன் ரோஹன் லீவு முடிந்து நாளைக்கு உன் ஊருக்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் சொல்வதற்கு முன்னால் அப்பா உளறிவிடக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன், பாவம் மனிதர் மூன்று நாளாக உன்னிடம் தண்ணீர் லாரியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார். ஜெயித்துவிட்டோம் ஸ்னேஹா. கப்பு நம் வீட்டு டிவி பக்கத்தில் இருக்கிறது, அரை ஆள் உயரம், தூசி துடைக்கிற சாக்கில் நானே பத்து தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாமல் படி. செமிஃபைனல் முடிந்த மறுநாள் நீ அந்த வீடியோவை யூடியூபில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாயே, நான் பாராட்டப் போகிறாய் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அம்மா, ஃபைனல்ல நீ ஆடாத, பெஞ்சில இருக்கற அனுஷாவ எறக்கு, உன்னப் பாக்காத, பிரபா எங்க நிக்கறான்னு பாரு என்று சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக நான் கேப்டன், இந்த மர்பி டவுனில் த்ரோபால் என்றால் கண்டக்டர் மரகதம் என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லும், இவள் நாலு எழுத்து பிசியோதெரபி படித்துவிட்டு எனக்கு இடம் காட்டுகிறாளா என்று வயிறு எரிந்தது. அப்பாவிடம் போய், உங்க பொண்ணு சொல்றது சரியா என்று கேட்டேன், அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கிரிக்கெட்டில் வயசான ஆட்டக்காரன் ஒருவன் பந்தை விட்டுவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் போதும்ப்பா எறங்கு, இன்னொருத்தனுக்கு வழிய விடு என்று இந்த வீட்டில் அதிகமாகக் கத்துகிறவள் நான்தான், அதுவும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன், நாலு தடவையும் என்னைத்தான் பார்த்தேன். என் சர்வீஸ் என்ன அழகாகப் போகிறது, நான் கை தட்டிப் பெண்களை எப்படி உசுப்பேற்றுகிறேன், இதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்தாவது தடவை வேண்டுமென்றே உன் பேச்சைப் பொய்யாக்கலாம் என்று பிரபாவை மட்டும் பார்த்தேன். பிரபாவை உனக்குத் தெரியுமே, நம் டீமில் அடிக்கிற கை அவளுடையதுதான், நடுவில் நிற்கவேண்டியவள். ஆனால் எதிரி பந்தை வீசக் கையைத் தூக்கியதுமே இரண்டு அடி பின்னால், இடது பக்கமாக, நான் நிற்கிற மூலைக்கு நகர்கிறாள். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு பந்துக்கும். அவள் நகர்ந்ததும் நடுவில் பஸ் திருப்புகிற அளவுக்கு ஓட்டை. போன இரண்டு ஃபைனலிலும் ஜோகுபாளையத்துக்காரிகள் பந்தைப் போட்டு நம்மை ஜெயித்தது அந்த ஓட்டையில்தான், இரண்டு தடவையும் நான் பிரபாவைத்தான் நடுவில் நிக்கத் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் திட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் கிரவுண்டில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஐயோ, ஒன்னியும் இல்லக்கா, நீங்க சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க என்று மழுப்பினாள். நான் விடவில்லை. கடைசியில், ரெண்டு வருஷமாவே அப்படித்தாங்க்கா, உங்க முட்டி வலிக்குதுன்னு தெரியும், அந்தப் பக்கம் உங்களால சாய முடியல, நாங்கள்லாம் பேசி வெச்சிக்கினோம், உங்ககிட்ட யாருக்கா சொல்றது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிராக்டிஸில் கூட என் இடது பக்கம் யாரும் பந்து போடுவதில்லையாம். அதனால்தான் நான் இன்னும் நன்றாக ஆடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மரியாதை என்ற பேரில் இந்தப் பெண்கள் என்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று முதலில் கோபம்தான் வந்தது, கிரவுண்ட் குழாயடியில் போய் முகம் கழுவுகிற மாதிரி அழுதேன். பத்து நிமிஷம் கழித்து வந்து, ஃபைனலில் என் இடத்தில் அனுஷா ஆடுவாள் என்று சொன்னேன். எல்லாரும் வேண்டாம் என்றார்கள். உங்க சர்வீஸ் இல்லாம எப்படிக்கா என்று அனுஷாவே கேட்டாள். அதில் பொய்யில்லை, என் சர்வீஸ் இன்றைக்கும் இந்த ஏரியாவில் யாருக்கும் வராது, நான் தன்னடக்கத்துக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் சர்வீஸ் ஒரு பந்துதான், அதற்குப் பிறகு வருகிற பந்துக்கெல்லாம் ஓடவேண்டும்.

ஃபைனல் அல்சூர் பக்கத்து கிரவுண்டில். எதிரே ஜோகுபாளையம், அவர்கள் கேப்டன் டோரதி, என்னைவிட இரண்டு வயது பெரியவள், ஐம்பத்து மூன்று. நான் ஆடாமல் உட்காரப் போகிற சேதி அவளுக்கு எட்டிவிட்டது. ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன்தான் ஏழு பேர் பெயரை ஷீட்டில் தன் கையால் எழுதிக் கொடுக்கவேண்டும், அது உனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக பெஞ்சில் உட்கார்ந்தேன். ரெஃபரி சிரில் பெயர்களைப் படித்தார், முதல் பெயர் மரகதம். நான் தலையில் கை வைத்தேன். பத்தொன்பது வருஷமாக முதல் வரியில் என் பெயரை எழுதி எழுதிக் கை அதுவாக எழுதியிருக்கிறது. கை மட்டும்தானா என்று நீ கேட்பாய், நானும் அந்த பெஞ்சில் என்னை அதையே கேட்டுக்கொண்டேன். அனுஷா முகம் தொங்கிப்போனது. மாற்றித் தாருங்கள் என்று சிரிலிடம் கெஞ்சினேன், ஷீட்ல இருக்கிறவங்க எறங்கித்தான் ஆகணும் மேடம், ஒரு பாயிண்ட் முடியட்டும், அப்புறம் ஆள மாத்துங்க என்று அசையாமல் நின்றார். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டோரதி, இன்னா மரகதம், ரிடையர் ஆயிட்டேன்னு சொன்னாங்கோ, அதுக்குள்ள மனசு மாறிடுச்சா என்று சிரித்தாள்.

வெட்கத்தோடுதான் இறங்கினேன். டாஸ் நமக்கு, முதல் சர்வீஸ் என்னுடையது. விசில் ஊதியதும் மூச்சை இழுத்துப் போட்டேன் பார், பந்து வலையை உரசாமல் ஒட்டிக்கொண்டே போய் அவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தது, டோரதி கூட அசையவில்லை. கிரவுண்டே எழுந்து கத்தியது. விதிப்படி பாயிண்ட் எடுத்தவளுக்கே அடுத்த சர்வீஸ், பந்து மறுபடி என் கைக்கு வந்தது. இன்னொண்ணுக்கா, இன்னொண்ணு போடுங்க என்று நம் பெண்களே கத்தினார்கள், உன் அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். ஸ்னேஹா, உன்னிடம் மறைக்கமாட்டேன், அந்தப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் எனக்கு முப்பது வயது, முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, நான் ஏன் போகவேண்டும் என்று தோன்றியது. அப்போது பிரபாவைப் பார்த்தேன். சர்வீஸ் போனதும் என் மூலைக்கு ஓட வசதியாக இடது காலை ஏற்கெனவே பின்னால் எடுத்து வைத்திருந்தாள். நான் சிரிலைப் பார்த்துக் கையைத் தூக்கி, சேஞ்ச் என்றேன். சர்வீஸ் கையில் இருக்கும்போதே வெளியே வந்த கேப்டன் இந்த ஏரியாவில் நான் ஒருத்திதான், இதை நீ உன் ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்.

அனுஷா போட்ட முதல் சர்வீஸ் வலையில் அடித்தது. பின்னால் யாரோ, கெடுத்தாங்கடா என்றார்கள், திரும்பி முறைத்தேன், அடங்கிவிட்டார்கள். முதல் செட் போய்விட்டது, பதினொன்றுக்குப் பதினைந்து, ஏனென்றால் பிரபா பழக்கத்தில் இன்னும் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தாள். இடைவேளையில் அவள் தோளைப் பிடித்து, நான் இங்க பெஞ்சில இருக்கேன்டி, அந்த மூலையில இல்ல, நீ நடுவுல நில்லு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இரண்டாவது செட்டில் அவள் வேர் விட்ட மாதிரி நடுவில் நின்றாள், பதினைந்துக்கு ஒன்பது என்று அவர்களைச் சுருட்டினோம். மூன்றாவது செட் உயிரை எடுத்துவிட்டது. நான் பஸ்ஸில் ஆட்களை முன்னால் போகச் சொல்லிக் கன்னடத்தில் கத்துகிற பழக்கத்தில் முந்தே ஹோகி, முந்தே ஹோகி என்று நம் பெண்களை வலைப் பக்கம் விரட்டிக்கொண்டே இருந்தேன், தொண்டை போனது அங்கேதான். பதினாலுக்குப் பதின்மூன்று. டோரதி வீசிய பந்தை அனுஷா என்னுடைய அதே இடது மூலையில் முழுதாகச் சாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தாள், என்னால் இந்த ஜென்மத்தில் அது முடியாது, பிடித்த பந்தை மூன்று விநாடிக்குள் அவளே அந்தப் பக்கம் அனுப்பினாள், அவர்கள் திருப்பி வீசியதை நடுவில் பிரபா எடுத்து ஒரே அடி. பந்து கோட்டுக்குள் விழுந்து தூசி எழும்பியதை நான் பார்த்தேன், அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை, எல்லாரும் என் மேல் விழுந்துவிட்டார்கள்.

கப்பு வாங்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேண்டாம், நீங்கள் போங்கள் என்று நான் பெரிய மனசு காட்டினேன் என்று நினைக்காதே, அவ்வளவு நல்லவள் இல்லை, முதல் ஆளாகப் போய் வாங்கி இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன். பிறகுதான் பிரபாவிடமும் அனுஷாவிடமும் கொடுத்தேன். தப்பட்டை அடித்துக்கொண்டு அல்சூரிலிருந்து மர்பி டவுன் வரைக்கும் நடந்தே வந்தோம், முழங்கால் வீங்கினால் வீங்கட்டும் என்று நானும் ஆடினேன், உன் அப்பாவும் ஆடினார், கல்யாணத்தில் கூட ஆடாத மனிதர். எல்லாருக்கும் பிரியாணி, அதுவும் தொன்னையில்.

ஒன்று மட்டும் உன்னோடு வாதாட வேண்டும். வயசானால் எல்லாரும் ஒதுங்கவேண்டும் என்று நீ நினைத்திருந்தால் அது தப்பு. டோரதி மூன்று செட்டும் ஆடினாள், பாதி பாயிண்ட் அவள் எடுத்ததுதான், அவளுக்காக யாரும் ஒரு அடி கூட நகரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயசு ஒரு கணக்கே இல்லை, நமக்காக மற்றவர்கள் தங்கள் இடத்தை விட்டு நகர ஆரம்பித்துவிட்டார்களா என்பதுதான் கணக்கு. அது நமக்கு மட்டும் தெரியாது. ஆட்டம் முடிந்து அவளிடம் கை கொடுத்தபோது, உனக்கு யார்டி சொன்னது, எனக்குச் சொல்றதுக்கு ஒருத்தரும் இல்லியே என்று மெதுவாகக் கேட்டாள். என் பொண்ணு சொன்னா என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

வீட்டு விஷயம் வேறு பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாவுக்கு வலது கண்ணில் புரை, மார்ச்சில் ஆபரேஷன், பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார், நீ அவரிடம் சர்க்கரையைக் குறைக்கச் சொல், நான் சொன்னால் கேட்பதில்லை. ரோஹன் கையில் மாங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்திருக்கிறேன், ஊறுகாய் மூடியை நிமிர்த்தியே வை. முழங்காலுக்கு நீ எழுதி அனுப்பிய பயிற்சியைத் திங்கட்கிழமையிலிருந்து செய்கிறேன், அப்பா சாட்சி. பாஸ்போர்ட் முடிகிற தேதியைப் பார்த்து வை, கடைசி நேரத்தில் ஓடாதே. நீ நூறு வயசு நோயில்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நல்லா இருக்கவேண்டும் என்று அல்சூர் சோமேஸ்வரரிடம் நானும் அப்பாவும் வேண்டிக்கொள்கிறோம்.

பதினோரு பெண்கள் இரண்டு வருஷமாக என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை நீ அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு நிமிஷத்தில் சொன்னாய். இனிமேலும் அப்படி ஏதாவது இருந்தால் நீதான் சொல்லவேண்டும். நான் கோபத்தில் போனை வைத்துவிடுவேன். நீ மறுபடி கூப்பிடு.

உன் அம்மா,
உ. மரகதம்