டேங்க் கவருக்கு அடியில்

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். திராட்சை இலைக்கு அடியில் வெள்ளைப் பூச்சு தட்ட ஆரம்பித்துவிட்டது. துத்த மருந்து அடிக்க வேண்டும், வெயில் முகம் காட்டினால்தானே.

வாங்க: மயில்துத்தம். சுண்ணாம்பு. கொழுந்தன் முருகேசனுக்கு வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமைக்கு வாழை இலை.

ஞாயிறு பண்ணைப்புரத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் சாப்பிட்டுக் கை நனைப்பார்கள், இல்லாவிட்டால் தண்ணீர்கூட வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள். மாமியார் இல்லாத வீடு. எல்லாம் என் தலையில். இவருக்கென்ன, லோடு ஏற்றிக்கொண்டு கோட்டயம் போயாச்சு. வருவது சனி ராத்திரி.

பைக் தோட்டத்துக்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. ரிசர்வில் போட்டு வந்து சேர்ந்தேன். சனிக்கிழமைதான் பெட்ரோல் போட்டேன். எங்கே போகிறது? மு.விடம் கேட்டால், "நான் சாயந்தரம் கடைக்கு மட்டுந்தான் எடுத்தேன் மதினி" என்கிறான். கடை என்ன கம்பம் டவுனிலா இருக்கிறது? கத்திவிட்டேன்.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை இல்லை, வெயிலும் இல்லை. புழுக்கம்.

வண்டியை நானே பார்த்தேன். மெக்கானிக்கிடம் போனால் எதையாவது கழற்றிவிட்டு நாளைக்கு வா என்பான். பெட்ரோல் டேப்: புது வாஷர் போட்டேன். ரப்பர் குழாய்: வளைத்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. கார்புரேட்டர்: வெளியே காய்ந்துதான் இருக்கிறது, ஒழுகவில்லை. எல்லாம் சரி. சரியென்றால் ஏன் குறைகிறது!

ராத்திரி வழக்கம்போல மு. வண்டியை முன்நடையில் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினான். என்னால் முடியாது, பாரம். டேப்பை மூடினேன். டேங்குக்குள் ஈர்க்குச்சி விட்டு, நனைந்த இடத்தில் நகத்தால் கீறி வைத்தேன்.

பால்காரம்மாவுக்குச் சொல்ல வேண்டும், ஞாயிறு கூடுதலாக.

ஐப்பசி 11, புதன்

எழுத கை வரவில்லை.

விடிந்தும் விடியாமல் வாசல் தெளிக்கப் போனேன். முன்நடையில் பெட்ரோல் வாசம். மு. வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்திருக்கிறான். டேங்க் மூடி திறந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பின்னால் மறைத்தான். பாட்டில் நிறையப் பெட்ரோல்.

"என்னலே?"

"ஒண்ணுமில்ல மதினி. சும்மா பாத்தேன்."

சும்மாவாம். அவன் போனதும் குச்சி விட்டேன். கீறலுக்குக் கீழே ஒரு விரல்கடை குறைந்திருந்தது.

இவனுக்கு என்ன குறை வைத்தேன்? பத்தாவது படிக்கும்போதிருந்து சோறு போட்டவள் நான். கேட்டால் கொடுக்கமாட்டேனா? சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

மத்தியானம் சிநேகிதன் கல்யாணம் என்று மதுரை கிளம்பினான். நாளை சாயங்காலம்தான் வருவான். நல்லது.

ராத்திரி வண்டியை சைடு ஸ்டாண்டிலேயே விட்டேன். அடியில் செய்தித்தாள் விரித்தேன். ஒழுகினால் தெரியட்டும். மறுபடி குச்சி, மறுபடி கீறல்.

ஐப்பசி 12, வியாழன்

தாள் காய்ந்து கிடக்கிறது. பெட்ரோல் குச்சியில் போட்ட கீறலிலேயே அப்படியே நிற்கிறது. அவன் இல்லாத ராத்திரி ஒரு சொட்டுக் குறையவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பதினோரு மணி வாக்கில் பொண்ணோட அம்மா மீனாட்சி அக்கா போன். எத்தனை பேர் வருகிறோம், எந்த வழியாக வருவது, அனுமந்தன்பட்டி விலக்கு ஸ்டாப்பில் இறங்கினால் ஆட்டோ இருக்குமா. பேச்சோடு பேச்சாகக் கேட்டார்:

"ஏத்தா, நீதான் மாப்பிள்ளைக்குத் தாய் ஸ்தானத்துல இருக்க. எங்க சங்கீதா ஒத்தப் புள்ள. பையன் குணம் எப்பிடி? ஒளிக்காமச் சொல்லு."

என் வாய் சும்மா இருந்ததா? "நல்லவன்தான்க்கா. கைதான் கொஞ்சம் சுத்தமில்ல" என்றேன். பாட்டிலையும் சொன்னேன், குச்சியையும் சொன்னேன். அப்புறம், "சரித்தா, அவுக அப்பாகிட்டக் கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

உண்மையைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி அலசினேன்.

சாயங்காலம் வந்தான். முகம் சரியில்லை. எனக்குப் பூந்தி வாங்கி வந்திருக்கிறான், மதுரைக் கடையில். தொடவில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டான்.

ஐப்பசி 13, வெள்ளி

தோட்டத்துக்குக் கிளம்ப முன்நடைக்கு வந்தால் மறுபடி அதே வாசம். அவன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. டேங்கின் வலது பக்கத்தைக் கையால் தடவினேன். டேங்க் மேல் போட்டிருக்கிற கவரின் ரெக்சின் ஓரம் சில்லென்று ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு, எஞ்சின் மேல் விழுந்து, ஆவியாகிப் போய்விட்டது. பெட்ரோல்.

கவரை அறுத்துப் பிரித்தேன். உள்ளே பஞ்சு ஊறிப்போய், நீலமும் பச்சையுமாக. பெயின்ட் உப்பிப் பெயர்ந்து, தகரம் செம்பு நிறத்துக்கு மாறி, நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை.

துத்தம்! துத்த மூட்டை!

கேரியரில் வைத்தால் மூட்டை சரிகிறது என்று, டேங்க் மேல் வைத்து முழங்காலால் இடுக்கிக்கொண்டு போகிறவள் நான். மழையில் நனைந்து நீலத் தண்ணீர் கவருக்குள் இறங்குவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். "பின்னாடி வச்சுக் கட்டுங்க மதினி, தகரத்தத் தின்னுரும்" என்று அவன் சொன்னான். எனக்கு இவன் என்ன புத்தி சொல்வது என்று இருந்தேன்.

ராத்திரிக் கணக்கும் விளங்கிவிட்டது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும். வலப்பக்க ஓட்டை பெட்ரோல் மட்டத்துக்கு மேலே போய்விடும், ஒழுகாது. சென்டர் ஸ்டாண்டில் நேராக நின்றால் ஒழுகும். சென்டர் ஸ்டாண்டு போடுகிறவன் அவன் ஒருத்தன். அவன் இருந்தால் குறைகிறது, இல்லாவிட்டால் குறையவில்லை. நான் பெரிய துப்பறியும் புலி.

உடனே மீனாட்சி அக்காவுக்குப் போன் போட்டேன். டேங்க் ஓட்டை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கேட்டார்: "சரித்தா. அப்ப அந்த பாட்டிலு?"

பாட்டிலுக்கு எனக்கே பதில் தெரியாது. "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்.

மு. மருந்தடிக்கக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான். டேங்கைக் கழற்றினேன். பெட்ரோலைக் கேனில் வடித்தேன். சோப்புத்தூள் கரைத்து ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன், தோள்பட்டை கழன்றுவிட்டது.

பஸ்ஸில் டேங்கை மடியில் வைத்துக்கொண்டு உத்தமபாளையம். கண்டக்டர், "என்னக்கா, இதுக்கும் டிக்கெட்டு எடுத்திருக்கீகளா?" பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அசன் பாய் டிங்கர் கடை. மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வாசம் இருக்கிற வரைக்கும் நெருப்ப அங்கன கொண்டாரமாட்டேன் தங்கச்சி. வெடிச்சா நீயும் இல்ல நானும் இல்ல." மறுபடி இரண்டு தடவை வெந்நீர். பிறகு ஓட்டைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தண்ணீர் நிரப்பி, சுற்றிச் சுரண்டி, பித்தளை வைத்து கேஸ் நெருப்பால் ஊதி ஒட்டினார். டேப் ஓட்டையை அடைத்து, டேங்கைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்தார். குமிழி வரவில்லை. "உள்ளாற நல்லாக் காயவிடு. கவரு மட்டும் போட்டுறாத" என்றார்.

சாயங்காலம் வரை காயவைத்து மாட்டினேன். வடித்த பெட்ரோல் கலங்கல், ஊற்றவில்லை. கடையில் வாங்கிய ஒரு லிட்டர் மட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சென்டர் ஸ்டாண்டை நானே போட்டேன். மூன்றாவது மிதியில் ஏறியது. குச்சி, கீறல்.

பண்ணைப்புரத்திலிருந்து போன் வரவில்லை.

ஐப்பசி 14, சனி

வெயில்! நல்ல வெயில்.

குச்சி விட்டேன். கீறலுக்கு மேலே நனைந்திருக்கிறது. துடைத்து மறுபடி விட்டேன். மேலேதான். நல்ல மேலே.

டேங்கில் பெட்ரோல் கூடியிருக்கிறது.

மாட்டுக்கொட்டகைத் தடுப்புக்குப் பின்னால் அந்த பாட்டில் கிடந்தது. காலி. புதன்கிழமை அவன் எடுக்கவில்லை. ஊற்ற வந்திருக்கிறான். நான் வந்து நின்றதில் ஊற்ற முடியாமல் போயிருக்கிறது. திங்கட்கிழமை நான் கத்தினேனே, அதற்கு.

சினை மாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் அதற்குள் தோட்டத்துக்கு நடந்தே போய்விட்டான், மருந்து கலக்க.

வண்டியை எடுத்தேன். நேராகப் பண்ணைப்புரம். வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, வலது முட்டியில் ஈரம் படுகிறதா என்று மட்டும் தடவிக்கொண்டே போனேன்.

மீனாட்சி அக்கா உள்ளே கூப்பிட்டார். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். துத்த மூட்டை, ஸ்டாண்டு, பாட்டில் எல்லாம். "திருட்டுப் பட்டம் கட்டுனது நாந்தான்க்கா. அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க."

சங்கீதா கதவோரம் நின்றிருந்தது. அதுதான் பேசியது: "எங்க அம்மாட்டச் சொல்லிட்டீக. அவுககிட்டச் சொன்னீகளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப நாளைக்கு நாங்க வர்றதுக்குள்ள சொல்லிருங்க."

சின்னப் பிள்ளைதான். கண்ணைப் பார்க்க முடியவில்லை. வருகிறோம் என்று சொன்னதே போதும் என்று திரும்பினேன்.

ராத்திரி சொல்ல நினைத்தேன். இவர் வந்துவிட்டார். மீன் வாங்கி வந்திருக்கிறார், நாளைக்குச் சைவ விருந்தை வைத்துக்கொண்டு!

ஐப்பசி 15, ஞாயிறு

காலை. கேசரிக்கு ரவை வறுத்தாச்சு. இலை நறுக்கியாச்சு. இவர் குளிக்கிறார்.

மு. வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான், புது வெள்ளைச் சட்டையோடு. அழுக்காகிவிடுமே என்று கத்தப் போய், வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் போய் நின்றேன்.

"முருகேசா, நீ பெட்ரோல் திருடுறன்னு பண்ணைப்புரத்துல சொல்லிட்டேன்டா."

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. பித்தளை ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றித் துடைத்தான்.

"தெரியும் மதினி. வியாழக்கெழமயே சங்கீதா போன் போட்டுச்சு."

மதுரையிலிருந்து வந்தபோது அந்த முகம். பூந்தி வாங்கிய பிறகுதான் போன் வந்திருக்கும். வந்த பிறகும் அதைத் தூக்கி எறியாமல் என்னிடம் கொடுத்திருக்கிறான்.

"ஏன்டா கேக்கல என்னைய?"

"என்னத்தக் கேக்க? நீங்க வளத்த புள்ள. நீங்களே சொன்னா யாருகிட்டப் போய்க் கேக்க?"

"தெரிஞ்ச பெறகும் எதுக்குடா முந்தாநாள் ராத்திரி ஊத்துன?"

"சனிக்கெழம வெயிலடிக்கும்னு சொன்னாக. மருந்தத் தூக்கிட்டு நீங்க வழியில நிக்கக் கூடாதுல்ல."

அந்தப் பூந்தி இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. எடுத்துத் தட்டில் வைத்தேன். விலக்கில் இறங்கிவிட்டார்களாம், போன் வந்துவிட்டது. ஏழு பேர் என்றார்கள், பத்துப் பேர் வருகிறார்களாம். இலை போதாது. வாசலில் ஆட்டோ சத்தம், மீதியை ராத்திரி எழுதுகிறேன்.