லைற் போக முதல் ஒரு வரி

அம்மா,

இதில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கமானதையும் விடமாட்டேன்.

இப்போதுதான் நூலகத்தில் உங்கள் மேசைக்கு மேலே லைற் அணைந்தது. யாரும் அசையாவிட்டால் பத்து நிமிடத்தில் தானாக அணைகிற அதே லைற். அவ்வளவு நேரமும் நான் பேனையைப் பிடித்தபடி சும்மா இருந்திருக்கிறேன். கையை உயர்த்தி ஆட்டினேன், எரிந்தது. உங்கள் பிளாஸ்கைத் திறந்தேன். எத்தனை தரம் கழுவியும் மூடியில் இஞ்சித் தேத்தண்ணி மணக்கிறது.

ஸ்ட்ரெதமில் சித்தி எனக்குத் தனி அறை தந்திருக்கிறா. அங்கே எழுத வரவில்லை. பள்ளி விட்டதும் பஸ் எடுத்து கோலியர்ஸ் வுட்டுக்கு வந்தேன். நம் வீட்டைக் கடந்துதான் வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் நீங்கள் இழுத்துவிட்ட திரைச்சீலை இன்னும் அப்படியே கிடக்கிறது.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, உங்கள் நினைவாக வீட்டார் ஒவ்வொரு பக்கம் எழுதிய கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். அதில் மகளின் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. சற்று முன்பு சித்தி போன் எடுத்தா.

"எழுதிப்போட்டியோ பிள்ளை?"

"இல்லை சித்தி. ஏலாமல் கிடக்கு."

"பிரின்ற் பண்ணுற அண்ணை ரெண்டு தரம் எடுத்திட்டார். ஆறு மணிக்குள்ள வராட்டி தன்னட்ட இருக்கிறதைப் போடுறாராம். அதுவும் நல்லாத்தான் இருக்கு, கேள்."

வாசித்துக் காட்டினா. அன்பின் உறைவிடமே, பாசத்தின் பெட்டகமே என்று போனது. யாருடையதோ கல்வெட்டை ஒருநாள் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது: "எல்லா வீட்டிலயும் ஒரே ஆள்தான் செத்திருக்கு போல." அந்த ஒரே ஆளாக உங்களை ஆக்க எனக்கு மனமில்லை. ஆனால் என்னிடமும் வேறு வரி இல்லை.

நீங்கள் எழுதியதில் உங்கள் பெயர் எங்கும் இருக்கவில்லை. மெத்தைக் கடை, பல் வைத்தியர், சவர்க்காரம் செய்கிறவர் என்று யார் கேட்டாலும் அவர்களின் இணையப்பக்கத்துக்கு விளம்பரம் எழுதிக் கொடுப்பீர்கள். வீட்டில் ஹீற்றர் போட்டுக் காசு போகாமல் இருக்க இங்கே வருவீர்கள். நான் அந்தப் பக்கம், அகராதிகளுக்கு அருகே, வீட்டுப்பாடம் செய்வேன். வேலை ஓடினால் உங்கள் தோள் அசையும், லைற்றும் எரியும். வரி வராத நாளில் சிலைபோல இருப்பீர்கள். லைற் அணையும். நான் எழுந்து உங்கள் மேசைப் பக்கம் வந்து கையை ஆட்டுவேன். நீங்கள் திரும்பாமலே தலையை ஆட்டுவீர்கள்.

நாய்களுக்கான மழைக்கோட்டைப் பற்றி எழுத வேண்டியிருந்த கிழமை நான் ஏழு தரம் கை ஆட்டினேன். கடைசியில் பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்து பார்த்தேன். கொப்பியில் ஒரே வரி: மழை பெய்யுது, நாய் நனையுது, எனக்கென்ன?

"இதையோ அனுப்பப் போறீங்கள்?"

"அனுப்ப இல்லை, செல்லம். லைற் போக முதல் ஒரு வரி எழுதோணும். கேவலமாய் இருக்கட்டும், பொய்யாய் இருக்கக்கூடாது. பொய்யான வரிக்குப் பின்னால அடுத்த வரி வராது."

பிறகு சிரித்தீர்கள். "கோட் வாங்கிற ஆளுக்கு நாயில கவலை இல்லை. தன்ர கார்ப்பெற்றிலதான் கவலை." அதிலிருந்து பிடித்து முழுவதையும் அன்றே எழுதி முடித்தீர்கள்.

இனி வெட்கமானது.

போன குளிர்காலம் என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் என்னோடு இங்கே வந்தார்கள். உங்கள் லைற் அணைந்தது. இருட்டில் நீங்கள் அசையாமல் இருந்தீர்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள், அந்தப் பொம்பிளை நித்திரையா, உனக்குத் தெரிந்தவரா என்று. நான் தெரியாது என்றேன். கை உயர்த்தவில்லை. புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நெடுநேரம் கழித்து நீங்களே கையை உயர்த்தினீர்கள். பஸ்ஸில் வரும்போது "இண்டைக்கு ஒரு வரியும் வரேல்லை" என்று மட்டும் சொன்னீர்கள். நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

மூன்று நாட்களாக மகளின் பக்கத்தை எப்படித் தொடங்கினாலும் இரண்டாம் வரி வராததற்குக் காரணம் இதுதான், அம்மா. "அன்பு மகள்" என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்கினேன்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இந்தக் கடிதத்தை நிறுத்தி, மகளின் பக்கத்தில் அதை வெட்டிவிட்டு இப்படி எழுதினேன்: "அம்மா எழுத்து வராமல் இருட்டில் இருந்த ஒருநாள் நான் கை உயர்த்தவில்லை. மற்ற நாளெல்லாம் உயர்த்தினேன்." அதன் பிறகு நாய்க் கோட் வந்தது, இஞ்சித் தேத்தண்ணி வந்தது. பக்கம் நிறைந்துவிட்டது. போனில் சித்திக்கு வாசித்தேன்.

"இதையோ போடுறது? வாற சனம் என்ன நினைக்கும்?"

"நடந்தது, சித்தி."

அவவின் குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினா.

"வேலை நல்லாப் போகுதெண்டுதான் அக்கா எப்பவும் சொல்லுவா. இருட்டில இருந்தவ எண்டு எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை."

"ஓம்."

"முதல் வரியை இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.

"சரி, அனுப்பு. நான் அவருக்குச் சொல்றன்."

அனுப்பிவிட்டேன். பிளாஸ்க் என் பையில் இருக்கிறது. உங்கள் கொப்பியில் மிச்சமிருந்த தாள்களில்தான் இதை எழுதுகிறேன். வரி வராத நாட்கள் எனக்கும் வரும். அப்போது நானேதான் கை உயர்த்த வேண்டும், அந்தப் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை.

நூலகர் வந்து மூடப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அகராதிப் பக்கம் இருண்டது, பிறகு கணினிகள் இருக்கும் பக்கம். இப்போது உங்கள் மேசை. பழக்கத்தில் கையை உயர்த்தி ஆட்டினேன், இன்னொரு தரமும் ஆட்டினேன். எரியவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.