எதிர்ப்பு சக்திக்கு ஒரு பொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் உன்னிடம் மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகமும் சுகந்தானே? இலஞ்சியில் சாரல் உண்டா?

நீ கொடுத்ததை என் உடம்பு ஏற்கவில்லை. பயப்படாதே, மறுபடி டயாலிசிஸ்தான். பெற்றவளுடையதானாலும் உடம்புக்கு அது வேற்றாள் உறுப்பு. கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகாதிருக்கத்தான் மாத்திரை கொடுத்து என் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருந்தார்கள். நீயோ குற்றாலத்தில் சீந்தில் பொடி வாங்கி அனுப்பி, "ஏலே, எதிர்ப்பு சக்தி கூடும், விடாம குடி" என்றாய். டாக்டரிடம் கேட்காமல் குடித்தேன். கூடியது. உன் சிறுநீரகத்தைத்தான் முதலில் அடித்தது.

புனேயில் டயாலிசிஸ் அறை ரொம்பக் குளிருகிறது. போர்த்திக்கொள்ள நீ உடுத்திய பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

நர்ஸ் கூப்பிடுகிறார். சேலைக்குள் மருந்து எதையும் பொதிந்து அனுப்பிவிடாதே. இன்னொன்று தர உன்னிடம் இல்லை.

குமரகுரு