பந்துக்கும் கயிற்றுக்கும் மசியாத கதவு

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? வெறுந்தரையில் படுக்காதீர்கள்.

நேற்று இங்கே ஒரே கூத்து. நான் பார்த்துக்கொள்ளும் குட்டிப்பயல் சாவியோடு காருக்குள் ஏறி உள்ளேயே பூட்டிக்கொண்டான். வெயில் வேறு. டிரைவர் அண்ணன், "வீடியோல பாத்திருக்கேன்" என்று டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டு, பூட்டின் மேல் வைத்து அமுக்கினார். புஸ்ஸென்று காற்று போனதுதான் மிச்சம். அடுத்து ஷூ கயிற்றில் சுருக்குப் போட்டுக் கதவிடுக்கு வழியாக உள்ளே விட்டார். புதுக் காரில் மாட்டி இழுக்கக் குமிழே இல்லை. கடைசியில் கண்ணாடியை உடைக்கக் கல்லைத் தூக்கிவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று சொல்லி, கண்ணாடியில் மூக்கை அழுத்திக் குரங்கு முகம் காட்டினேன். அழுதவன் சிரித்தான். என் உள்ளங்கையை விரலால் அமுக்கி அமுக்கிக் காட்டினேன். அவனும் கையிலிருந்த சாவியின் பொத்தான்களை அமுக்கினான். முதலில் ஹாரன் அலறியது. அப்புறம் கதவு திறந்தது!

"இத எங்கேம்மா கத்துக்கிட்ட?" என்றார் அண்ணன். தினமும் போன் கண்ணாடி வழியாகத்தானே நம் பாப்பாவைச் சிரிக்க வைக்கிறேன்!

அவளுக்குச் செருப்பு வாங்க வேண்டும். பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். போனில் பார்த்தால் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்றே தெரிவதில்லை. முதலாளியம்மா கூப்பிடுகிறார், வருகிறேன்.

பாப்பாவின் அம்மா