ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு என்ன அவசரம்

அன்பு மகள் காரலீக்கு,

இங்க நானும் அப்பாவும் நல்லாத்தான் இருக்கோம், நம்ம ஊர் பிரையர் கிரீக்கே பனியில மூடிக் கிடக்கு, பள்ளிக்கூடம் லீவு விட்டதால எனக்கும் பஸ் ஓட்டுற வேலை இல்லை. பாஸ்டன் குளிர்ல நீ காதை மூடிக்கிட்டு நடமாடுறியா, நேரத்துக்குச் சாப்பிடுறியான்னுதான் எனக்கு நினைப்பு. போன்ல பேசினா நீ அழுவே, நான் கத்துவேன், சொல்ல வந்தது நின்னு போயிடும். அதான் உக்காந்து எழுதறேன், முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கோவிச்சுக்கோ.

நீ போன வாரம் சொன்னதை நான் மறக்கல. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பாதியில சி கிரேடு வந்துடுச்சு, இந்த வசந்தகாலத்துல அதோட ரெண்டாம் பாதி, பிசிக்ஸ், செல் பயாலஜி மூணையும் ஒண்ணா எடுத்து, ஏப்ரல்ல என்ட்ரன்ஸ் எழுதி, ஜூன்ல மெடிக்கல் காலேஜுக்கு அப்ளை பண்ணணும், முடியாதுன்னா டாக்டர் ஆசையை விட்டுட்டு வேற பாடம் மாத்திக்கோன்னு உங்க காலேஜ் ஆலோசகர் சொன்னாராம். நீயும் சரின்னு தலையாட்டிட்டு வந்திருக்கே. ஒரு வருஷம் தள்ளிப் போட்டா என்னடின்னு நான் கேட்டேன். அதுக்கு நீ, அப்பா இருக்கும்போதே நான் வெள்ளைக் கோட்டு போட்டுடணும்மான்னு சொன்னே. உனக்குத் தெரியாது, அப்பா அப்போ என் பக்கத்துல ரிசீவர்ல காதை ஒட்டிக்கிட்டுதான் நின்னார். கேட்டுட்டு நேரா போய் டிரக்ல உக்காந்துட்டார். எஞ்சினைக் கிளப்பவும் இல்லை. நான் போய்க் கதவைத் திறந்து உள்ள வாங்கன்னு கூப்பிட்டப்ப, வெர்லின், நிலக்கரித் தூசி படிஞ்ச என் நுரையீரலுக்கு நாள் கணக்குப் பாத்தா அவ பாடத்தைப் பொறுக்கறான்னு மட்டும் கேட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உன் மேல இல்லை, இப்படி ஒரு பொண்ணை விரட்டுற அந்த அவசரத்து மேல.

அதனால ஒரு காரியம் பண்ணினேன். நம்ம மாநிலத்து லெக்சிங்டன்ல ஒரு மெடிக்கல் காலேஜ்ல, சேர விரும்புற பிள்ளைகளுக்கும் பெத்தவங்களுக்கும் ஒரு கூட்டம்னு ரேடியோவுல சொன்னாங்க. நீ அங்க சேரப்போறதில்லை, அதனால என்ன, கேள்வி கேக்கறதுக்கு யார் அனுமதி வேணும். பஸ் டிரைவர் ஜாக்கெட்டோடயே போய் முன் வரிசையில உக்காந்தேன். மாணவர் சேர்க்கையைப் பாத்துக்கற அம்மா ஒருத்தர் பேசி முடிச்சதும் எந்திரிச்சு, என் பொண்ணுக்கு கெமிஸ்ட்ரியில சி வந்திருக்கு, அவளை இதோட தலைமுழுகச் சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டேன். என் மலைநாட்டுப் பேச்சைக் கேட்டு பின்னாடி ஒரு ஆள் சிரிச்சான். நான் திரும்பி, ஏன் சிரிச்சீங்கன்னு சத்தமாச் சொல்லுங்க, எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம்னேன். அவன் ஷூவைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டான்.

அந்தம்மா சிரிக்கல. ஒரு சி ஒருத்தரைக் கவுத்துடாதும்மா, அதுக்கப்புறம் மார்க் ஏறுதா இறங்குதான்னுதான் நாங்க பாப்போம்னாங்க. கஷ்டமான பாடங்களை ஒண்ணா அள்ளிப் போட்டுக்கிட்டு எல்லாத்துலயும் சறுக்கினாத்தான் தூக்கி நிறுத்தறது கஷ்டமாம். என்ட்ரன்ஸ் மார்க் ஒரு தடவை வந்துட்டா கூடவே வரும், அதனால தயாராகாம யாரும் போய் உக்கார வேண்டாம்னாங்க. டிகிரி முடிச்சு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு வந்தவங்க எங்க வகுப்புல நிறைய பேர் இருக்காங்கன்னும் சொன்னாங்க. அப்போ இந்த ஜூன்லயே அப்ளை பண்ணணும்னு யாரு விதிச்சதுன்னு கேட்டேன். யாரும் இல்லைன்னுட்டாங்க.

இதை ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல சொன்னேன், அது என் தப்புதான். உன் பெரியப்பா ராய்ஸ் வந்திருந்தார். பீன்ஸைக் கிண்டிக்கிட்டே, நாலு வருஷத்துல முடியாதவ அஞ்சு வருஷத்துல என்னத்தைக் கிழிக்கப் போறா, ஊருக்கு வந்து முதியோர் இல்லத்துல வேலைக்குச் சேரச் சொல்லு, அதுவும் ஆஸ்பத்திரி மாதிரிதானேன்னார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உன் அப்பா ஆக்சிஜன் குழாயைக் கழட்டி வெச்சுட்டு எந்திரிச்சுட்டார். ராய்ஸ், நாம ரெண்டு பேரும் ஒரே சுரங்கத்துல இறங்கினோம், உள்ள காத்து எப்படி இருக்குன்னு பாக்காம முதல் ஆளா ஓடினவன் எவனாச்சும் சாமர்த்தியசாலியா, என் பொண்ணு பாத்து இறங்கறா, உனக்கு அது சோம்பேறித்தனமாத் தெரிஞ்சா உன் தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புன்னார். அவ்வளவு பேசினதுக்கு மேசையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதாப் போச்சு. ராய்ஸே எந்திரிச்சு குழாயை எடுத்து அவர் மூக்குல மாட்டிவிட்டார். அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சோள ரொட்டி சாப்பிட்டாங்க.

இப்போ நான் சொல்றதைக் கேளு, காரலீ. பாடத்தை மாத்த இந்த மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்குன்னு நீயே சொன்னே. கெமிஸ்ட்ரியை மட்டும் வெச்சுக்கோ, அதோட உனக்குப் பிடிச்ச லேசான பாடம் ரெண்டு எடு. பிசிக்ஸையும் செல் பயாலஜியையும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். என்ட்ரன்ஸைக் கடைசி வருஷத்துல எழுது, டிகிரி வாங்கினப்புறம் அப்ளை பண்ணு, நடுவுல கிடைக்கிற வருஷத்துல ஏதாவது கிளினிக்ல வேலை பாரு. அந்த ஆலோசகர் கையெழுத்துப் போட மாட்டேன்னா அவருக்கு மேல யாருன்னு கேட்டு அவர்கிட்டப் போ. அங்கயும் முடியாதுன்னா எனக்குச் சொல்லு, அதே டிரைவர் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். டாக்டராக வேணாம்னு உனக்கே மனசார தோணுச்சுன்னா அது வேற, அப்போ நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அடுத்தவங்க சொல்லி நீ விடறதை மட்டும் இந்த வீடு ஒத்துக்காது.

கடவுள் உன்னைக் கைவிடாம வெச்சிருக்கட்டும், உன் தலைக்கு நல்ல தூக்கத்தையும் நெஞ்சுக்குத் தெம்பையும் குடுக்கட்டும். உன் சித்தி பின்னிக் குடுத்த ஸ்வெட்டருக்கு நன்றி சொல்லி ரெண்டு வரி எழுதிப் போடு, பாக்கறப்பல்லாம் கேக்கறா. அப்பா கீழே தானும் எழுதணும்னு பேனாவைப் பிடுங்கறார்.

உன் அம்மா,
வெர்லின்

காரலீ, நான் எப்பச் சாவேன்னு எனக்கே தெரியாது, உனக்கு எப்படித் தெரியும். அதை வெச்சு டைம்டேபிள் போடாதே. நீ டாக்டரானாலும் நான் உன் பேச்சைக் கேக்கப் போறதில்லை, இப்ப இருக்கிற டாக்டர் பேச்சையே கேக்கறதில்லை. அதனால என்னைக் காப்பாத்த ஓடி வராதே. நீ பாக்கப்போற நோயாளி இன்னும் பொறந்திருக்கவே மாட்டான். அவனுக்காக ஒழுங்காப் படிச்சுட்டு மெதுவா வா.

அப்பா